அரவானின் கிரீடம் அட்டையால் ஆனதன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழை மும்பைச் செம்பூரில் என் வீட்டுக்கு வரவழைத்துப் படிக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இதுவரை ஒரு முறைகூடத் தங்களுக்குக் கடிதம் எழுதும் அவசியம் எனக்கு நேர்ந்ததில்லை. பாரதப் போரில் பாண்டவர் வெல்வதற்காக அருச்சுனன் மகன் அரவான் காளிக்குப் பலியான களப்பலிக் கதையை வைத்து எடுக்கப்பட்ட ஒரு சிறிய படத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த விமர்சனம் அந்த வழக்கத்தை மாற்றிவிட்டது. கையில் பணம் இல்லாதவர்கள் காவியங்களைத் தொடாமல், அவற்றைப் பணம் உள்ளவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது என்று தங்கள் விமர்சகர் அதில் எழுதியிருக்கிறார். நான்கு நாள்களாக அந்த ஒரு வாக்கியம் என்னை உறங்கவிடவில்லை.

அட்டைக் கிரீடம், நாற்பது பேர் கொண்ட சேனை, போரே இல்லாத குருட்சேத்திரம் என்று மூன்று குறைகளை அவர் அடுக்குகிறார். தாராவியில் வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் படத்தை நானும் பார்த்தேன். படம் முடிந்ததும் இயக்குநரிடம் கேட்டு, வாசலில் காட்சிக்கு வைத்திருந்த கிரீடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அது கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் பதித்த தெருக்கூத்துக் கிரீடம். அந்த மரம் எடை குறைந்தது என்பதாலேயே, இரவு பத்து மணிக்கு ஆடத் தொடங்கும் கலைஞர் விடியும்வரை கிரீடமும் புஜக்கீர்த்தியும் மார்ப்பதக்கமும் சுமந்து ஆட முடிகிறது. விழுப்புரம் பக்கத்து ஊரில் பிறந்த என் தந்தையார் அந்த மரத்தை நகத்தால் கீறிப் பார்த்தே அடையாளம் சொல்லுவார். பார்த்த பொருள் இன்னதென்று அருகில் சென்று கேட்காமல் அட்டை என்று எழுதிவிடுவது விமர்சனம் ஆகுமா என்பதைத் தங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

என் தந்தையார் 1950-களில் செம்பூருக்கு வந்து, புராணப் படங்கள் எடுத்துவந்த ஒரு ஸ்டுடியோவில் தச்சு வேலை பார்த்தவர். படத் தயாரிப்பாளர் ஹோமி வாடியாவின் பஸந்த் ஸ்டுடியோ இந்தச் செம்பூரில்தான் இருந்தது என்பதும், தந்திரக் காட்சிகளில் வல்லவரான பாபுபாய் மிஸ்திரி கறுப்பு நூலையும் கறுப்புத் துணியையும் வைத்துக்கொண்டு திரையில் எத்தனை அதிசயங்களை நிகழ்த்தினார் என்பதும் தாங்கள் அறியாததல்ல. பெரிய கம்பெனிகள் ஒரு பாடல் காட்சிக்குச் செலவழித்த தொகையில் முழுப் படத்தையும் முடிக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் அந்நாளில் இங்கே பலர். பள்ளி விடுமுறை நாள்களில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துச் செல்லும்போது, மூங்கில் பிளாச்சில் சாக்குத் துணியை இழுத்துக் கட்டிப் பிளாஸ்டர் பூசி அவர்கள் மலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். சாயம் தோய்த்த மரத்தூள்தான் அதன் மேல் புல். பிறகு அந்தப் படத்தைக் கொட்டகையில் பார்த்தபோது, நூல் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று அப்பா என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பேசாமல் இருங்கள் என்று அம்மா அவரை அதட்டினார். நூல் இருக்கும் இடம் தெரிந்த பிறகும் என் கண்ணுக்கு மலை பறந்தது. அந்த மலையைச் செய்தவர்களில் ஒருவர் பெயர்கூட எழுத்துப் போடும்போது திரையில் வரவில்லை. இரண்டு மாதக் கூலியையும் அந்தத் தயாரிப்பாளர் கடைசிவரை தரவில்லை. அப்பா மறைந்து இருபது ஆண்டுகள் ஆகியும், புராணப் படம் ஒன்றின் அட்டையையும் பிளாஸ்டரையும் யாராவது ஏளனம் செய்தால் அவரையே ஏளனம் செய்வதுபோல எனக்குத் தோன்றுகிறது. இதைத் தனிப்பட்ட மனக்குறை என்று தாங்கள் தள்ளிவிடலாம். ஆனால் இந்த நாட்டின் சினிமாவே இப்படிப்பட்ட கைகளில் பிறந்தது.

இன்றும் தாதர் கிழக்கில் தாதாசாகேப் பால்கேயின் பெயரைத் தாங்கிய சாலை இருக்கிறது. 1913 மே 3 அன்று கிர்காவில் உள்ள காரனேஷன் அரங்கில் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’வை வெளியிட்ட அந்த மனிதர், மனைவி சரஸ்வதிபாயின் நகைகளையும் விற்றுத்தான் அதை எடுத்தார். படப்பிடிப்புக் குழு முழுவதற்கும் சமைத்துப் போட்டவரும் அந்த அம்மையாரே. அரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடிக்க ஒரு பெண்ணும் முன்வராததால், உணவு விடுதி ஒன்றில் வேலை பார்த்த அண்ணா சாலுங்கே என்ற இளைஞருக்குச் சேலை கட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ‘லங்கா தகன’த்தில் அதே சாலுங்கே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். தென்னாட்டின் முதல் மௌனப் படமான ‘கீசக வத’த்தை எடுத்த நடராஜ முதலியாரும் மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்றுவந்தவரே, பாரதத்தில் பீமன் கீசகனைக் கொல்லும் கதையைத்தான் அவர் எடுத்தார். தங்கள் விமர்சகரின் அறிவுரை அன்றைக்கே கிடைத்திருந்தால், இவர்கள் இருவரும் காவியத்தைத் தொடாமல் வீட்டில் இருந்திருப்பார்கள்.

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குரல் பதிவு சீராக இல்லாததால் பல இடங்களில் வாயசைவு ஓரிடத்திலும் சொல் வேறிடத்திலும் நிற்கிறது. அரவானை மணக்கக் கண்ணன் எடுக்கும் மோகினி வடிவத்தின் பாடல் பாதியோடு நின்றிருக்கலாம். ஒரு காட்சியில் பாண்டவர் பாசறைக்குப் பின்னால் மின்கம்பி தெரிகிறது. இவற்றையெல்லாம் எழுதியிருந்தால் இயக்குநருக்கு அது உதவியாக இருந்திருக்கும். தங்கள் விமர்சகரோ, படத்தில் எது உயிரோ அதையே குறை என்று எண்ணிவிட்டார். களப்பலி கொடுக்கப்பட்ட அரவான், பதினெட்டு நாள் போரையும் தன் கண்ணால் காண வேண்டும் என்று கண்ணனிடம் வரம் பெறுகிறான். வெட்டுண்ட தலை களத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. படத்தின் கடைசி இருபது நிமிடங்களில் கேமரா அந்தத் தலையைவிட்டு அகலவே இல்லை. யானையின் பிளிறலும் சங்கொலியும் தேர் முறியும் ஓசையும் மட்டுமே கேட்கின்றன. ஓர் ஓசைக்குக் கண் சுருங்குகிறது. இன்னோர் ஓசைக்கு, அது அபிமன்யுவின் முடிவு என்று நாம் உணரும் முன்பே, அந்தக் கண்ணில் நீர் நிறைகிறது. சேனையைத் திரட்டப் பணம் இருந்திருந்தால் இந்த எண்ணம் அந்த இளைஞருக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ, அதை நான் அறியேன். ஆனால் எனக்குத் தெரிந்து அரவானின் கதையை அரவானின் இடத்திலிருந்து சொன்ன முதல் படம் இது. போரைக் காட்டாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று இதைப் பற்றி எழுதுவதற்குத் தங்கள் விமர்சகருக்கு எப்படி மனம் வந்தது?

களப்பலி என்பது மகாபாரதத்தில் இல்லாத கதை என்றும், இயக்குநர் அதைத் தாமே சேர்த்துவிட்டார் என்றும் போகிறபோக்கில் எழுதப்பட்டிருப்பது இன்னும் வருத்தம் தருகிறது. வியாசரின் நூலில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் மடிகிறான் என்பது உண்மையே. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவன் காளிக்குப் பலியாகிவிடுகிறான். வில்லிபுத்தூராரும் அதைப் பாடியிருக்கிறார். கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கைகள் அரவானுக்காக எதற்காகத் தாலி கட்டி, எதற்காக அறுக்கிறார்கள்? தமிழில் வெளிவரும் இதழில், தமிழ் நிலத்துக்கே உரிய வீரகதை ஒன்றைக் கற்பனைச் சேர்க்கை என்று எழுத யாரும் தடை சொல்லவில்லை என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

இங்குள்ள மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நான் தமிழாசிரியராக இருந்தேன். ஒரு முறை ஆண்டு விழாவில் என் மாணவர்கள் கர்ண மோட்சத்தை நாடகமாக நடித்தார்கள். கவசம், பிஸ்கட் டின்னை வெட்டி விரித்த தகடு. தலைமை தாங்க வந்த அதிகாரி, கர்ணன் அதை அறுத்துத் தரும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். தாராவியில் ஒற்றை அறையில் வளர்ந்த அந்தப் பிள்ளை வசனத்தை நிறுத்தவில்லை. முழுவதையும் பேசி முடித்துவிட்டு, திரைக்குப் பின்னால் வந்த பிறகே அழுதான். தங்கள் விமர்சனத்தைப் படித்தபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் திரௌபதி அம்மன் விழாவில், பதினெட்டாம் நாள் படுகளத்துக்குத் துரியோதனனை வெறும் மண்ணால்தான் செய்கிறார்கள். அந்த மண் தொடையில் பீமன் கதையால் அடிக்கும்போது சிரித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் செலவு என்று விளம்பரம் செய்யப்பட்ட ஓர் இதிகாசப் படத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழ் நான்கு பக்கம் ஒதுக்கியது. அதில் கணினியில் செய்த வானரங்களைக் கண்டு என் பேரக்குழந்தைகளே முகம் சுளித்தார்கள். தங்கள் விமர்சகர் அதைத் தொழில்நுட்ப முயற்சி என்று பரிவோடு குறிப்பிட்டிருந்தார். அந்தப் பரிவில் கால் பங்கு இந்தப் படத்துக்குக் கிடைத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். மும்பைத் தமிழர்கள் நாடகம் போட்டாலும் படம் எடுத்தாலும் தங்கள் இதழில் ஒரு பத்திக்கு மேல் இடம் கிடைப்பதில்லை என்பதும் எங்களுக்குப் பழகிப்போன ஒன்றே.

விமர்சனத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கிரீடம் மரத்தால் ஆனது என்றும், களப்பலி பாரத வெண்பாவிலேயே உள்ளது என்றும் அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அந்தப் படத்தை அடுத்த மாதம் மாட்டுங்காவில் இன்னொரு முறை திரையிட முயன்று வருகிறார்கள். நாள் உறுதியானதும் அதை ஒரு வரியில் குறிப்பிட்டால் நன்றியுடையவனாவேன். திருத்தம் வெளியிடும்போது, அந்தக் கிரீடத்தைச் செதுக்கியவரின் பெயரை இயக்குநரிடம் கேட்டு, தயவுசெய்து அதையும் அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
செம்பூர், மும்பை.