தாத்தாவுக்கு ஒரு வீட்டுப்பாடம்

லீட்ஸ், இங்கிலாந்து,
கார்த்திகை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் தம்பி வீட்டாரும் நலமாக இருக்கக் குழந்தை வேலப்பரை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் ஐப்பசி முதல் வாரமே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆக்கியது என் தப்பு. "போனில் கேட்பது குரல், கடிதத்தில்தான் பிள்ளை தெரிவாள்" என்று எழுதியிருந்தீர்கள். இரவு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்த வரியைத் தினமும் எடுத்துப் படித்தேன். இன்று எனக்கு விடுமுறை. பாப்பா தூங்குகிறாள், உங்கள் மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறார். உட்கார்ந்துவிட்டேன்.

பாப்பா பள்ளியில் கணக்கும் அறிவியலும் என்னதான் சொல்லித்தருகிறார்கள், வாய்ப்பாடு உண்டா இல்லையா என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருந்தீர்கள். முதலில் அதற்கே வருகிறேன்.

வாய்ப்பாடு உண்டு, அப்பா. அவள் இப்போது நான்காம் வகுப்பு. இங்கே இந்த வகுப்பு முடிவதற்குள் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை தெரிந்திருக்க வேண்டும். வருகிற ஜூனில் கணினியில் ஒரு தேர்வு இருக்கிறது. 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆறே நொடி. தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் இல்லை. யாருக்கு எது வரவில்லை என்று பார்ப்பதற்காகத்தான் வைக்கிறார்கள். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு ஆகியவற்றிலிருந்துதான் அதிகம் கேட்பார்களாம். பாப்பா ஏழெட்டில் நின்றுவிடுகிறாள். நானும் அங்கேதான் நிற்பேன், நினைவிருக்கிறதா?

நம் பள்ளியைப் போல இங்கே எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்வது குறைவு. சின்ன வகுப்பிலேயே பொத்தான்களை வரிசை வரிசையாக அடுக்கச் சொல்லிப் பெருக்கலைக் காட்டிவிட்டார்கள். அவள் அடுக்கியதைப் பார்த்ததும் எனக்கு நம் மேல்தோட்டத்துப் பூண்டுப் பாத்திதான் தெரிந்தது. வரிசைக்கு எட்டுப் பல், ஏழு வரிசை, மொத்தம் எத்தனை என்று கேட்பீர்கள். பிறகு என்னைப் பாத்தியின் மறுபக்கம் நிற்க வைத்து, இப்போது வரிசைக்கு ஏழு பல், எட்டு வரிசை, கூட்டு மாறியதா என்பீர்கள். அதைத்தான் இங்கே வண்ணப் பொத்தான்களை வைத்துச் சொல்லித்தருகிறார்கள். நீங்கள் சொல்லித்தந்தது எவ்வளவு பெரிய பாடம் என்று எனக்கு முப்பத்து நான்கு வயதில் புரிகிறது.

பின்னம் இந்தப் பருவத்தில் தொடங்கியிருக்கிறது. காகிதப் பட்டையை மடித்து அரை, கால், அரைக்கால் என்று கொண்டுபோகிறார்கள். அவள் வீட்டில் நான்காவது முறையும் மடித்துக் காட்டினாள். பிரித்தால் 16 பங்கு. "தாத்தா இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், மாகாணி" என்றேன். வீசம் என்றும் சொல்லலாம் என்றேன். மாகாணி என்ற சொல் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, ரொட்டியைக்கூட மாகாணி கேட்கிறாள். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு என்பதை அடுத்த கடிதத்தில் நீங்களே அவளுக்கு எழுதுங்கள்.

பூஜ்யத்துக்குக் கீழே போகும் எண்களும் இப்போதே வந்துவிட்டன. குளிரை வைத்தே சொல்லித்தருகிறார்கள். போன வாரம் காலையில் பூஜ்யத்துக்குக் கீழே 3 டிகிரி. மார்கழியில் நம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்குமே, அதே குளிர்தான். ஆனால் நம் ஊரில் எட்டு மணி வெயிலுக்கு அது போய்விடும். இங்கே நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஹீட்டரைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் போடுகிறோம், எங்களுக்கு அது போதும். மலையில் வளர்ந்த உடம்புதானே. அம்மா கவலைப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் போனிலேயே சொல்லியிருக்கிறேன். தனியாக இருப்பவர். பின்கட்டில் மழைமானி வைத்து, தினமும் காலை ஒன்பது மணிக்குக் குடையோடு போய் அளவெடுத்து நோட்டில் எழுதுவார். மழையே பெய்யாத நாளிலும் பூஜ்யம் என்று எழுதுவார். வேறு பேச்சு அதிகம் கிடையாது. சனி, ஞாயிறில் பாப்பாவும் போய் நிற்கிறாள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று அவர் சொல்லித்தந்திருக்கிறார். பள்ளியில் பட்டை வரைபடம் போடச் சொன்னபோது அந்த நோட்டைத்தான் எடுத்துப்போனாள். உங்கள் ஊரில் எவ்வளவு பெய்யும் என்று ஒருநாள் என்னைக் கேட்டார். இங்கே வந்த பிறகு நம் ஊரைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

இனி அறிவியல். இதைச் சொல்லத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

திடம், திரவம், வாயு பாடம் நடக்கிறது. பனிக்கட்டி உருகுவதைப் பார்த்துவிட்டு, ஆசிரியை வகுப்பிலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்து, தெர்மாமீட்டரில் 100 டிகிரி வருவதைக் காட்டியிருக்கிறார். பாப்பா கையைத் தூக்கி, "எங்கள் அம்மாச்சி ஊரில் தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் பருப்பு வேகாது, குக்கர் வேண்டும்" என்றாளாம். போன கோடையில் அம்மா அடுப்பிடம் அலுத்துக்கொண்டதைக் கேட்டு வைத்திருக்கிறாள்! ஆசிரியை அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தை நடத்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மறுநாள் வரைபடத்தோடு வந்து, உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், அதனால் தண்ணீர் 100 வரை காத்திராமல் முன்னதாகவே கொதித்துவிடும், அந்தச் சூடு பருப்புக்குப் போதாது என்று வகுப்பு முழுவதற்கும் விளக்கியிருக்கிறார். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையுமாம். நம் பூம்பாறை 1,900 மீட்டருக்கு மேல். அப்படியானால் 93, 94 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்பா, ஐந்தாம் வகுப்பில் இதே கேள்வியை நான் உங்களிடம் கேட்டேன். புத்தகத்தில் 100 என்று இருக்கிறது, நம் மலையில் அது இருக்காது, அளந்து காட்ட நம் பள்ளியில் தெர்மாமீட்டர் இல்லையே அம்மா என்றீர்கள். உங்கள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதைப் பாப்பாவின் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் உள்ளே போய், 110 வரை கோடு போட்ட, சிவப்புத் திரவம் உள்ள தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, "உங்கள் அப்பா அளந்து எழுதட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்" என்று கையில் கொடுத்தார். வீடு வரும் வரை அதைப் பிடித்த கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை.

இங்கே திறந்த பாத்திரத்திலேயே பருப்பு வெந்துவிடுகிறது. ஆனால் ரசத்துக்குத் தட்டிப்போடும் கடைப் பூண்டில் காரமே இல்லை. நீங்கள் கட்டிக்கொடுத்த பூண்டில் கடைசிக் கொத்தைச் சமைக்காமல் வைத்திருக்கிறேன். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய வாசம் இன்னும் அதில் இருக்கிறது. வேலை முடிந்து விடியற்காலையில் வரும்போது வீட்டில் இருவரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சமையல் மேடையில் நின்று அதை ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் படுக்கிறேன். நேற்று அழுதுவிட்டேன், அப்பா. பாப்பா எழுந்து வந்துவிட்டாள். பூண்டு உரித்தேன் என்று சொன்னேன். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

தம்பி மகன் எண்ணும் எழுத்தும் வகுப்பில் மொட்டு நிலையிலிருந்து மலர் நிலைக்குப் போய்விட்டான் என்று எழுதியிருந்தீர்கள். அவனைக் கட்டிக்கொண்டதாகச் சொல்லுங்கள். கழித்தலில் கடன் வாங்குவது அவனுக்கு வரவில்லை என்றால் குச்சிக்கட்டைப் பிரித்துக் காட்டுங்கள். எனக்கு அதில்தான் புரிந்தது.

கீழ்த்தோட்டத்து வேலி விஷயம். சித்தப்பா இரண்டு சென்ட் உள்ளே வந்துவிட்டார் என்று தம்பி கோபமாகப் பேசினான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இரண்டு சென்ட் சின்ன இடமல்ல, தெரியும். ஆனாலும் கயிறு பிடித்து இவன் ஒரு கணக்கும் அவர் ஒரு கணக்கும் சொல்ல வேண்டாம். சர்வேயருக்கு மனுப் போட்டு, இருவரும் பக்கத்தில் நிற்க அளந்துவிடுங்கள். நீங்கள் சொன்னால் சித்தப்பா கேட்பார். வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விலை ஏறும்வரை விற்க வேண்டாம் என்று அவர் சொன்னது சரியாகத்தானே இருந்தது? ஆகவே அவருடன் பேச்சை விட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். தை பிறந்ததும் தேதி வாங்குங்கள். இந்த மாதப் பணம் பத்து நாள் தாமதமாக வரும், வேறொன்றும் இல்லை. ஆபரேஷனுக்கு உள்ளது தனியாக வந்துவிடும். நான் இரண்டு இரவுகள் கூடுதலாக எடுத்திருக்கிறேன்.

வத்தலக்குண்டு அக்கா பொங்கலுக்கு இங்கிருந்து ஊருக்கு வருகிறாள். தெர்மாமீட்டரைப் பாப்பாவின் பழைய கம்பளிக் காலுறைக்குள் வைத்து அவளிடம் கொடுக்கிறேன். முதலில் அவள் வீட்டிலேயே, மலையடிவாரத்தில், ஒருமுறை அளந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். பிறகு தம்பி போய் வாங்கிவரட்டும். பஸ்ஸில் மேலே வரும்போது மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொண்டை ஊசி வளைவில் பை உருளும்.

அளக்கும்போது தண்ணீர் கொதித்துக் குமிழிகள் பாத்திரம் முழுவதும் வர வேண்டும். தெர்மாமீட்டரின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. மூன்று முறை அளந்து மூன்றையும் எழுதுங்கள், கூட்டிச் சராசரி போட வேண்டாம், அதைப் பிள்ளைகள் போடட்டும். அம்மா அவசரப்பட்டு வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்துவிடப் போகிறார். அது 42 வரைதான், கொதிநீரில் உடைந்துவிடும்.

உங்கள் மகள்