35ஆம் படையணி பிறந்தது டர்பன் துறைமுகத்தில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கடல் ரோந்து விமானங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். ஷாக்கிள்டன் என்னும் நெடுந்தூர ரோந்து விமானங்களைப் பற்றி அதில் உள்ள செய்திகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் விமானப்படையின் 35ஆம் படையணியின் வரலாறு 1957இல் கேப் டவுனில் தொடங்குவது போல எழுதப்பட்டிருப்பது, டர்பனில் பிறந்து வளர்ந்த எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. அந்தப் படையணி தோன்றியது நமது துறைமுகத்தின் காங்கெல்லா பகுதியில்தான்.

1942 அக்டோபரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் கேப் கடற்பகுதிக்கு வந்து வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. அடுத்த மாதம் 28ஆம் தேதி நேட்டால் கரைக்கு அப்பால் 'நோவா ஸ்கோஷியா' என்ற கப்பல் தாக்கப்பட்டு, எண்ணூற்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட இத்தாலியர்கள். சடலங்கள் டர்பன் கடற்கரையில் ஒதுங்கியதைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். அந்நிலையில்தான் பிரிட்டிஷ் விமானப்படையின் 262ஆம் படையணி காங்கெல்லாவுக்கு வந்து, 1943 முதல் கேட்டலினா என்னும் பறக்கும் படகுகளைக் கொண்டு ரோந்துப் பணியைத் தொடங்கியது. நீரிலிருந்தே எழும்பி நீரிலேயே இறங்கும் இந்த விமானங்கள், ஒருமுறை புறப்பட்டால் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் இருக்கக்கூடியவை. வடக்கே செயின்ட் லூசியா ஏரியிலும் அவை தங்கின; அங்குள்ள ஒரு விரிகுடா இன்றும் கேட்டலினாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1944 மார்ச் 11ஆம் தேதி கேப் முனைக்குத் தெற்கே 'யூஐடி-22' என்ற நீர்மூழ்கிக் கப்பலை மூழ்கடித்தவை இப்படையணியின் விமானங்களே.

நாளடைவில் விமானக் குழுக்களில் தென்னாப்பிரிக்கர்கள் மிகுந்துவிட, 1945 பிப்ரவரியில் 262ஆம் படையணியே தென்னாப்பிரிக்க விமானப்படையின் 35ஆம் படையணி என்று பெயர் மாறியது. அவ்வாண்டே நான்கு இயந்திரங்கள் கொண்ட சண்டர்லேண்ட் பறக்கும் படகுகள் வந்து சேர்ந்தன. போர் முடிந்ததும் எகிப்திலிருந்த வீரர்களைத் தாயகம் கொண்டு வந்த பணியில் அவற்றுக்கும் பங்குண்டு. 1957 வரை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகள், அவை நமது விரிகுடாவில்தான் இருந்தன.

என் தாத்தா அந்த விரிகுடாவில் வலை இழுத்தவர். சண்டர்லேண்ட் புறப்படும் நேரத்தில் காவல் படகு வந்து மீனவர்களை ஓரம் போகச் சொல்லும் என்றும், அது எழும்பிய பின் வரும் அலையில் தோணி தள்ளாடும் என்றும், அதற்குப் பிறகு வெகுநேரம் மீன் படாது என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயினும் அவர் பேச்சில் கசப்பைவிட வியப்பே மேலோங்கியிருந்தது. அந்த விமானங்களில் பணியாற்ற நம்மவர்க்கு வழி இருந்ததில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். போர்க்காலத்தில் படையில் சேர்ந்த இந்தியர்களுக்கு ஆயுதம் தராமல், வாகனம் ஓட்டுவதும் காயம்பட்டோரைச் சுமப்பதும் போன்ற பணிகளே தரப்பட்டன. 1961இல் இந்தியர்களுக்கெனத் தனியே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி அமைத்தபோதும், இதே விரிகுடாவின் சால்ஸ்பரித் தீவில் கடற்படை விட்டுச் சென்ற பழைய கட்டடங்களைத்தான் கொடுத்தார்கள்.

சண்டர்லேண்டுகளுக்குப் பின் வந்த ஷாக்கிள்டன் காலத்தைத் தங்கள் கட்டுரை விரிவாகச் சொல்லிவிட்டது. எனினும் 1963 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவ்வகை விமானம் ஒன்று மேற்குக் கேப் மலைகளில் மோதி, அதிலிருந்த பதின்மூன்று பேரும் இறந்ததை அது விட்டுவிட்டது. தென்னாப்பிரிக்கா மீது விதிக்கப்பட்ட ஆயுதத் தடையால் உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகி, 1984 நவம்பரில் அவை ஓய்வு பெற்றன. அதன் பின்னர் அவற்றுக்கு நிகரான நெடுந்தூர ரோந்து விமானம் எதுவும் வாங்கப்படவில்லை. டகோட்டா என்னும் பழைய போக்குவரத்து விமானங்களுக்குப் புதிய இயந்திரம் பொருத்தி அப்பணியை ஒப்படைத்தனர். ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் கடற்கரை கொண்ட நாட்டுக்கு இது போதாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். காங்கெல்லாவின் பங்கைக் குறிப்பிட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பறக்கும் படகுகளைக் கண்ணால் கண்ட ஃபின்லண்ட்ஸ், புளஃப் பகுதித் தமிழ்க் குடும்பத்தினர் இன்று தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்ய இதழில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்கள் பகுதியில் அத்தகைய முதியவர்களைத் தேடிச் சென்று எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்