சிறுநீரில் போய்விடும் என்ற பதில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் ஒரு பெண், கால் விரல் மதமதவென்று இருப்பதாகச் சென்ற இதழ் மருத்துவக் கேள்வி–பதிலில் கேட்டிருந்தார். "பசையிலுள்ள ரசாயனத்தைக் கல்லீரல் மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். நானும் ஆம்பூரில் 11 வருடம் பேஸ்டிங்கில் இருந்தவள். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு இரண்டு நாளாக மனசே சரியில்லை.

தாங்கள் அறியாததல்ல. நாங்கள் சொல்யூஷன் என்று சொல்லும் பசை காய்கிறதென்றால், அதிலுள்ள ஹெக்சேன் என்ற கரைப்பான் காற்றில் கலந்து எங்கள் மூச்சுக்குள் போகிறது என்று அர்த்தம். கொஞ்சம் மூச்சிலேயே திரும்பிவிடும். மீதியைக் கல்லீரல் மாற்றுகிறது, உண்மைதான். எதுவாக மாற்றுகிறது என்பதை ஏன் எழுதவில்லை? 2,5-ஹெக்சேன்டையோன். நரம்பைக் கெடுப்பதே அதுதான். சிறுநீரில் போகுமுன் நரம்பிழைகளின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீளமான நரம்புகள் முதலில் அடிபடுவதால் கால் விரலில் தொடங்கும்.

எனக்கும் அப்படித்தான். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வீட்டு வாசலுக்கு வந்தபோது மகள்தான் பார்த்தாள்: "அம்மா, ஒரு கால்ல செருப்பே இல்ல." பஸ்ஸில் கழன்றது எனக்குத் தெரியவில்லை. பிறகு கை. பூத் தொடுத்தால் நார் விரலில் நிற்காது. சர்க்கரை இல்லை என்று தெரிந்தும் எட்டு மாதம் சத்து ஊசி போட்டார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலையை விட்ட பிறகும் சில மாதம் கால் இன்னும் மோசமானது. இந்த நோய் அப்படித்தான் போகும் என்று வேலூரில் நரம்பு டாக்டர் சொன்ன பிறகே பயம் தெளிந்தது.

இது புதுசும் இல்லை. 1960களிலேயே ஜப்பானில் செருப்பு ஒட்டியவர்களுக்கு வந்தது. பிறகு சீனாவின் சுஜோவில், செல்போன் திரையை ஹெக்சேனால் துடைத்த 137 தொழிலாளர்களுக்கு வந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தபோதும் வாரக்கணக்கில் எழுதினீர்கள். மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுவதால்தான் கண் போகிறது, உயிர் போகிறது என்று ஒரு வரி இல்லை. அப்போது நான் எழுதிய கடிதம் வரவில்லை; போகட்டும். மகளிர் தினத்துக்கு ஷூ கம்பெனிப் பெண்கள் சிரிக்கும் படத்தை அட்டையில் போட்டீர்கள். அவர்கள் முழங்கை அருகே மூடியில்லாத பசை டின் இருந்தது. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லையா?

22 வருடமாக உங்கள் வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள்: ஷிஃப்ட் முடிந்ததும் எடுத்த சிறுநீரில் 2,5-ஹெக்சேன்டையோன் அளவைப் பார்க்கலாம், டாக்டரிடம் முதலில் செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். கட்டம் கட்ட வேண்டாம். அந்தப் பெண் தேடிப் பார்க்கும் அதே கேள்வி–பதில் பக்கத்தில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஆம்பூர்