ஆமாம், அது பாட்டில் மூடிதான்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் நம் எலக்ட்ரானிக்ஸ் கடையை உங்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. "மாமா, ஒரு சிவப்பு எல்இடி" என்று ஐந்து ரூபாயோடு வந்து நின்றவர்களில் சிலர் இன்று இன்ஜினியரிங் கடைசி வருஷம். கடை மட்டும் அதே எட்டுக்குப் பத்துதான்.

இரண்டு வாரமாகப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் நம் டாங்கி கிட்டைப் பற்றி (பிள்ளைகள் பாகங்களைச் சேர்த்துச் செய்து, போனால் ஓட்டும் குட்டி ராணுவ டாங்கி) ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள், "கேட்டீங்களா அண்ணே" என்று. 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டு பாட்டில் மூடியையும் தெர்மாகோலையும் டப்பாவில் போட்டுக் கொடுக்கிறார்கள், குப்பையைப் பொறுக்கி விற்கிற கடை அது என்கிறார் ஓர் அம்மா. கூடவே ஒரு வீடியோ. அதில் நம் அர்ஜுன் (நம் ராணுவத்தின் அர்ஜுன் டாங்கியைப் பார்த்துச் செய்தது) நேராகப் போகிறது, வலது பக்கம் திருப்பியதும் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை, அதாவது டிராக், கழன்று விழுகிறது. அவர் கோபப்பட்டது தவறு என்று சொல்ல மாட்டேன். பையன் அழுதிருப்பான். ஆனால் அந்தக் "குப்பை" என்ற சொல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதற்குத்தான் இந்த மடல்.

முதலில், அது தெர்மாகோல் இல்லை. சன்போர்டு. கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவர்கள் பயன்படுத்தும் 5 மி.மீ. பிவிசி ஷீட். தெர்மாகோல் மேல் ஃபெவிக்விக் பட்டால் கரைந்து குழி விழுந்துவிடும். நம் ஷீட்டில் ஒரு சொட்டு வைத்து, மேலே ஒரு சிட்டிகை சமையல் சோடா தூவிப் பாருங்கள், கல் மாதிரி இறுகும். (மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், சூடாகிப் புகை வரும்.)

அடுத்தது பாட்டில் மூடி. ஆமாம், அது பாட்டில் மூடிதான். மறைத்து விற்கவில்லை. கிட் டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஜூஸ் பாட்டிலின் 38 மி.மீ. மூடி இரண்டை முகத்தோடு முகம் ஒட்டினால் ஒரு சக்கரம். கம்மவான்பேட்டையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ராணுவ ஐயா ஒருவர் ஆரம்பத்திலேயே எச்சரித்துவிட்டார்: "பக்கத்துக்கு ஆறு சக்கரம் வைத்தால் அது ரஷ்ய டாங்கி டி-72. அர்ஜுனுக்கு ஏழு. தப்பாக வைத்து ஆவடி டாங்கி ஃபேக்டரிக்காரர்கள் மானத்தை வாங்காதே." ஆக இரண்டு பக்கமும் 14 சக்கரம், 28 மூடி. ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சில் வைத்து நட்டநடுவில் துளை போட வேண்டும். துளை ஒரு நூல் தள்ளினாலும் சக்கரம் நொண்டும். துளை தள்ளிப்போய்த் தூக்கிப்போட்ட மூடிகள் ஒரு சாக்கு நிறையக் கடையின் பின்னால் இருக்கின்றன. குப்பை என்று சொல்வதானால் அந்தச் சாக்கைச் சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன்.

வார்ப்புச் சக்கரம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கலாம். வெளியிலிருந்து வரவழைத்தால் சக்கர செட் மட்டுமே நம் கிட் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பிறகு மோட்டாரில் கை வைக்க வேண்டும். குறைந்த காசில் டாங்கி செய்கிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எதில் கஞ்சத்தனம் செய்யலாம், எதில் கூடாது என்பதைத்தான். உடம்பிலும் சக்கரத்திலும் செய்யலாம். மோட்டாரிலும் பேட்டரியிலும் கூடாது. காசு மிச்சம் பிடிக்க, பிஓ எனப்படும் மலிவான மஞ்சள் மோட்டாரைப் போட்டவர்களின் டாங்கிகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் இரண்டாவது வாரத்தில் மழுங்கிவிடும். நாம் தருவது 12 வோல்ட், உலோகப் பல்சக்கர மோட்டார், பக்கத்துக்கு ஒன்று.

எடையும் இதில் முக்கியம். முதல் அர்ஜுன் 58.5 டன். நம்முடையது 16-ல் ஒரு பங்கு அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடை 4,096-ல் ஒரு பங்காகும். அப்படியே இரும்பில் செய்தால் 14 கிலோவைத் தாண்டும். 14 கிலோவை இழுக்கிற மோட்டாரும் பேட்டரியும் 2,400 ரூபாய்க்கு வேலூரில் மட்டுமல்ல, சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் கிடைக்காது. நிஜ அர்ஜுனின் அகலம் 3.86 மீட்டர், நம்முடையது 24 செ.மீ. அளவை நான் ஏமாற்றவில்லை. எடையை ஏமாற்றினேன், வேண்டுமென்றேதான்.

சரி, அந்த வீடியோ. டாங்கிக்கு முன்சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்க டிராக்கை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால்தான் திரும்பும். அப்போது டிராக் முழுக்கத் தரையோடு பக்கவாட்டில் அரைபடும். டைல்ஸ், கடப்பைக் கல் மேல் வழுக்கிக்கொண்டு திரும்பிவிடும். வீடியோவை மறுபடி பாருங்கள், டாங்கி நிற்பது தேங்காய் நார்க் கால்மிதி மேல். நார் டிராக்கின் பல்லைப் பிடித்துக்கொண்டு விடாது. அதோடு நம் டிராக்கின் முதுகு தோல். தோல் தொழில் நடக்கும் மேல்விஷாரம் பக்கமிருந்து வரும் வெட்டுத் துண்டுகள், அதன் மேல் செருப்பு சோல் ஷீட்டைத் துண்டு போட்டு சொல்யூஷனில் ஒட்டியது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு டிராக்கைக் கப்பலில் வரவழைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. தோல் ஓட ஓடக் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். பத்து நிமிஷம் ஓடியதும் முன்பக்கக் கடைசிச் சக்கரத்தின் போல்ட்டைத் தளர்த்தி, முன்னே தள்ளி, டைட் செய்ய வேண்டும் (முதல் நாற்பது கிட்களில் அந்தத் தள்ளு ஓட்டை சற்றுக் குட்டையாக வெட்டப்பட்டுவிட்டது, மாற்றுத் தகடு இருக்கிறது). கால்மிதியில் மட்டும் ஓட்ட வேண்டாம்.

இன்னும் இரண்டு புகார்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் டிரைவர் போர்டு சுடுகிறது என்கிறார்கள். அதில் இருக்கும் எல்298என் சிப் சுடத்தான் செய்யும், கிட்டத்தட்ட 2 வோல்ட்டை அது வெப்பமாக விழுங்கிவிடும். அதைக் கணக்கில் வைத்துத்தான் மூன்று செல் கொடுக்கிறோம். முழு சார்ஜில் செல்லுக்கு 4.2, மொத்தம் 12.6 வோல்ட். போர்டு விழுங்கியது போக மோட்டாருக்குப் போதும். இன்னொன்று, ஐபோனில் இணையவில்லை என்பது. நாம் தரும் எச்.சி.-05 (HC-05) புளூடூத் ஐபோனோடு பேசாது. வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் கிடக்கும், அதில் 1234 என்று அடித்தால் சேர்ந்துகொள்ளும். தனி ரிமோட் வைத்தால் அழகுதான். ஆனால் நல்ல ரிமோட்டின் விலையே நம் கிட்டைத் தாண்டிவிடும்.

செல் விஷயத்தில் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், 9,900 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு) என்று அச்சடித்த 18650 லித்தியம் செல்லை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போடாதீர்கள். நல்ல கம்பெனி செல்லே 3,500-ஐத் தாண்டுவது அபூர்வம். பழைய லேப்டாப்பைப் பிரித்து எடுத்த செல்லும் வேண்டாம். தனித்தனியாகக் கெட்டுப்போன மூன்றை ஒன்றாகச் சேர்த்து சார்ஜ் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

டாங்கி செய்ய நம்மிடம் பழைய வழி ஒன்று இருந்தது, நினைவிருக்கும். சீன பொம்மை டாங்கி ஒன்றை வாங்கி, மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிப்பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளின் இறக்குமதி வரி 20-லிருந்து 60 சதவீதமானது, 2023-ல் 70. நடுவில், 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்கவும் கூடாது. அடுத்த மாதமே, பிப்ரவரியில், சென்னையில் பிரதமர் அர்ஜுன் மார்க்-1ஏ-வை ராணுவத்திடம் ஒப்படைத்ததை டிவியில் காட்டினார்கள். மறுநாளிலிருந்து பசங்கள் வரிசையில் வந்து அர்ஜுன் கேட்டார்கள். அடிப்பாகம் இல்லை, கேட்பவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அப்போது உட்கார்ந்து யோசித்ததில் வந்ததுதான் சன்போர்டும் தோலும் மூடியும். (நம்முடையது பொம்மை அல்ல, பாகங்கள். பில்லிலும் அப்படித்தான் இருக்கும்.)

இன்னொரு செய்தி. சாலிடர் வேலையும் ஷீட் வெட்டும் வேலையும் பார்த்த தம்பி போன மாதம் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். நானே முகவரி விசாரித்து அனுப்பிவைத்தேன். இங்கே இருந்தால் நான் கொடுக்கும் சம்பளத்தில் அவர் எந்தக் காலத்தில் வீடு கட்டுவது? ஆனால் அவர் கை எனக்கு வராது. எனக்கு நாற்பத்தெட்டு வயசு, கண்ணாடியைத் தூக்கித் தூக்கித்தான் சாலிடர் வைக்கிறேன். அன்றைக்கே ரிப்பேர் செய்து தருகிற வழக்கம் இனி முடியாது. ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். கிட் இனி 2,850 ரூபாய்.

2020 ஊரடங்கில் கடை மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது பழைய பாக்கியைத் தேடிவந்து கொடுத்தவர்கள் நீங்கள். சாத்துவாச்சாரியிலிருந்து சைக்கிளில் வந்து, ஷட்டருக்கு அடியில் நூற்றைம்பது ரூபாயைத் தள்ளிவிட்டு, பெயர்கூட எழுதாமல் போன பிள்ளை யாரென்று இன்றுவரை தெரியவில்லை. இந்த வாய்ஸ் மெசேஜுக்கு அடியிலும் சிலர் எனக்காகப் பரிந்து எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் பையன் அழுதபோது அவர்தான் சரிசெய்து கொடுத்தார் என்று ஓர் அப்பா எழுதியிருந்தாராம். அதைப் படித்துக்காட்டியபோது என்னால் பேச முடியவில்லை. அனைவருக்கும் நன்றி. வாய்ஸ் மெசேஜ் அனுப்பிய அம்மாவும் பையனைக் கூட்டிக்கொண்டு வரட்டும். டிராக்கை நானே மாட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.

மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை இருக்காது. மாற்றுத் தகடுக்கு வருகிறவர்கள் பில்லை எடுத்து வாருங்கள். அப்புறம், வீட்டில் ஜூஸ் பாட்டில் மூடி சேர்ந்திருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். 38 மி.மீ. மட்டும். தண்ணீர் பாட்டில் மூடி சின்னது, சேராது.

இப்படிக்கு,
உங்கள் சந்துக் கடைக்காரர்,
வேலூர்