திருமணத்தில் அரசுக்கு என்ன வேலை?

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பர் இராமையா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து மீண்டும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே நாம் ரப்பர் பால் வெட்டிய மலைச்சரிவு முழுவதும் இப்போது செம்பனைத் தோட்டமாகிவிட்டது. என் பேத்திக்குத் தை மாதம் திருமணம். அதற்கு முன்பே பதிவு செய்துவிடுகிறோம் என்று நான் எழுதியதற்கு, மனமொத்த இருவர் உற்றார் முன்னிலையில் செய்துகொள்ளும் மணத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெரியார் 1929இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து சென்ற பின் நம் தோட்டங்களிலும் புரோகிதர் இல்லாத திருமணங்கள் நடந்தன. ஆனால் தமிழ்நாட்டில் அத்தகைய மணங்களுக்குச் சட்டத்தின் ஒப்புதல் கிடைக்க, அண்ணா ஆட்சியில் 1967ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனமொப்பிய மணத்தை, சடங்கு குறைகிறது என்று சொல்லி மறுக்கும் உரிமை எந்த அரசுக்கும் இருக்கக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம்தான்.

ஆனால் அரசு முழுவதுமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்ததற்கு முன்பு, வழக்கம் என்ற பெயரில் ஓர் ஆண் இரண்டாம் தாலி கட்டினால் மூத்தவள் யாரிடம் முறையிட முடிந்தது? தோட்டத்துக் கங்காணியும் கோயில் தலைவரும் சமாதானம் பேசிவிட்டுப் போனார்கள். ஒருவனுக்கு ஒருத்தி என்பதை மேடைப் பேச்சாக விடாமல் சட்டமாக்கியது அரசுதான்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்துக் குடியிருப்பு வரிசையில், இருந்த ஒரு பெண்ணின் கதையை நீங்கள் அறிய வேண்டும். கோயிலில் தாலி கட்டி, மூன்று பிள்ளைகளைப் பெற்று, ஊரே மனைவி என்று மதித்த அவளுடைய கணவன் லாரி விபத்தில் இறந்தபோது, காட்டுவதற்குத் திருமணப் பத்திரம் இல்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பெற்றோருக்குக் கால் பங்கு, மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி என்று பிரிக்கிறது. ஆயினும் அங்கே மனைவி என்றால் சட்டப்படியான மனைவி, பிள்ளை என்றால் சட்டப்படியான பிள்ளை. பதிவு செய்யாத வழக்காற்று மணம் செல்லுமா என்பதில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டிருக்க, நாள்கூலிக்குப் போகும் ஒரு விதவை எந்த வழக்கறிஞரை வைத்து வாதாடுவாள்? கணவனின் உடன்பிறந்தார் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவள் அடங்கிவிட்டாள். அதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

பிள்ளைகளின் நிலை இதைவிடக் கொடியது. மணம் சட்டப்படி செல்லாவிட்டால், நம் அரசியலமைப்பு குழந்தையின் குடியுரிமைக்குத் தாயைத்தான் பார்க்கிறது. தாய் குடியுரிமை இல்லாதவளாக இருந்தால், தந்தை இந்த மண்ணின் குடிமகனாகவே இருந்தும் பிள்ளை நாடற்றவனாக நிற்கக்கூடும். இதில் அரசின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. பெற்றோர் பதிவு செய்யத் தவறியதற்குப் பிள்ளையைத் தண்டிப்பது எந்த வகையிலும் நியாயமாகாது. அந்த விதி மாற வேண்டும். ஆனால் அது மாறும்வரை மணத்தைப் பதிவு செய்யாதீர்கள் என்று நம் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

வயது விஷயத்தில் அரசு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பேன். பதினெட்டு என்று சொல்லிவிட்டு, மாநில முதல்வரான மந்திரி பெசாரின் அனுமதி இருந்தால் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் மணம் முடிக்கலாம் என்று அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பெண்ணுக்கு இந்தச் சலுகை எதற்கு?

சடங்கைக் குடும்பம் தீர்மானிக்கட்டும். மணமகன், மணமகள் என இருவரும் விரும்பித்தான் வந்தார்களா, வயது வந்தவர்களா, வேறு துணை இல்லாதவர்களா என்று அரசு கேட்டு எழுதி வைக்கட்டும். இதற்கு மேலும் அரசு எங்கே அத்துமீறுகிறது என்று நீங்கள் கருதுகிறீர்களோ, அதை விரிவாக எழுதுங்கள். அழைப்பிதழைத் தனியே அனுப்புகிறேன். அண்ணியாருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்
வேலாயுதம்