செயலாளர் ஆண்டறிக்கை: பழம்பொருள் சந்தையும் கலை ரசனைக் கூட்டங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைப்பதையே நாமும் பரப்பினால் சந்தை எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால் இம்முறை வாசலிலேயே சோதனை மேசை போட்டோம். 0.01 கிராம் வரை காட்டும் தராசு, தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு லென்ஸ், காந்தம், இவை போதும். விற்பனைப் பொருள் எல்லாம் அந்த மேசையைத் தாண்டித்தான் உள்ளே போனது.

போலியாக அதிகம் மாட்டியது வெள்ளி ரூபாய்தான். விக்டோரியா ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்ந்த காசில் சற்றுக் குறையலாம், கூடக் கூடாது. எடை சரியாக வரவேண்டுமென்று மலிவு உலோகத்தைத் தடிமனாக வார்த்துவிடுகிறார்கள்; அசல் காசோடு ஒப்பிட்டால் காலிப்பர் காட்டிக்கொடுத்துவிடும். வார்த்த காசில் விளிம்பு வரிகள் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். ஆனால் 1940 முதல் ரூபாயில் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அந்தக் காசுகளின் நிறத்தை மட்டும் பார்த்துப் போலி என்று ஒதுக்க வேண்டாம். அனுமனும் ராமர் தர்பாரும் பொறித்து 1818 என்று ஆண்டு போட்டவை கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட காசே அல்ல. அரிசியை இழுக்கும் கலசம் என்ற மோசடிப் பேச்செடுத்தவர்களை மேசைப் பக்கமே விடவில்லை.

ரவிவர்மா அச்சுப் படங்களைச் சட்டத்தைப் பிரிக்காமலே லென்ஸால் சோதிக்கலாம். கல்லில் வரைந்து அச்சிட்ட பழைய கல்லச்சுப் படத்தில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். இக்கால ஆஃப்செட் மறுபதிப்பில் வரிசை பிசகாமல் சிறு பூக்களைப் போல நிற்கும். இந்தப் பக்கத்து வீடுகளில் சரிகையும் சமிக்கியும் தைத்த படங்களும் உண்டு. அவற்றைத் துடைக்கவே கூடாது. காகிதம் பழுப்பாவதற்குப் பெரும்பாலும் பின்னால் வைத்த மலிவு அட்டையின் அமிலமே காரணம். அமிலமற்ற அட்டை மாற்றினால் கேடு மட்டுப்படும். புளி போட்டுத் தேய்த்த பழைய பித்தளை விளக்குகளைப் பற்றி என்ன சொல்ல! காலம் ஏற்றிய நிறம் போனால் விலையும் போயிற்று.

சட்ட விஷயத்தில் இன்னும் குழப்பம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய நாணயம், ஓவியம், சிற்பம் எல்லாம் தொல்பொருள். மதிப்புமிக்க ஓலைச்சுவடி, ஆவணங்களுக்கு 75 ஆண்டே போதும். இவற்றை வியாபாரமாக விற்க இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். ஆகவே உரிமம் உள்ளவர்களுக்கே விற்பனை மேசை, மற்றவர்களுக்குக் காட்சி மேசை என்று வைத்தோம். சாமி சிலைகளையும் சுவடிகளையும் விற்பனைக்கு அறவே ஏற்கவில்லை. சிலருக்கு மனத்தாங்கல்தான். அந்த விதி தொடர வேண்டும் என்பதே செயற்குழுவின் கருத்து.

எனாமல் பூசிய இரும்புப் பாத்திரங்களான மங்குச் சாமான் மேசையில் தொல்லை இல்லை. விளிம்பு உடைந்து துரு ஏறியதைச் சமையலுக்கு விற்கக் கூடாது என்று மட்டும் எழுதி வைத்தோம்.

கலை ரசனைப் பயணம் புதுக்கோட்டை அருகிலுள்ள சமணக் குகைக் கோயிலான சித்தன்னவாசலுக்கு. குகை சிறியது; பத்துப் பேராக உள்ளே அனுப்பினோம். வெயிலிலிருந்து நுழைந்ததும் ஒன்றும் புலப்படாது, கண் பழகச் சில நிமிடம் ஆகும். முதலில் தூணிலுள்ள நடன மகளிர், பிறகு விதானத்தின் தாமரைக் குளம்: மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிப்பவர்கள். ஃபிளாஷ் தவிர்க்கப்பட்டது. குகையைப் புதுப்பித்த இளங்கௌதமனைக் குறிப்பிடும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டையும் பார்த்தார்கள்.

தராசு இந்த ஆண்டு இரவல். சொந்தத் தராசும் அமிலமற்ற அட்டையும் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்