கப்பலில் வேலைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய செய்தியைத் தம்பி எங்களுக்குப் படித்துக் காட்டினான். சிங்கப்பூர், பினாங்கு, அப்புறம் தாய்லாந்து என்று பழைய சண்டை நடந்த இடங்களுக்கு பிரிட்டிஷ் முன்னாள் சிப்பாய்களைச் சுற்றிக் காட்டும் கப்பலில் உனக்கு நர்ஸ் வேலை. சந்தோஷம். அம்மாவுக்கு மட்டும்தான் மனசு ஆறவில்லை. "காசு கட்டிக் கப்பலேறி சுடுகாடு பார்க்கப் போவார்களா?" என்கிறாள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. காலையில் கல்லறைக்கு மாலை, ராத்திரியானால் ஆட்டம் பாட்டம்! அப்புறம் யோசித்துப் பார்த்தேன். தொண்ணூறு வயதுக்காரரைத் தினம் ஒரு ஓட்டலில் இறக்கி ஏற்ற முடியுமா? கப்பலில் பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், வைத்தியமும் கூடவே வருகிறது. 2019-ல், இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டி கரையில் படைகள் இறங்கியதன் 75-ஆம் ஆண்டுக்கு, ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தார் 'பௌடிக்கா' என்ற கப்பலையே வாடகைக்குப் பிடித்து, 250-க்கும் மேற்பட்ட கிழவர்களை அழைத்துப் போனார்கள். அதனால் இது ஒன்றும் விளையாட்டுக் காரியம் இல்லை.

ஏறுகிறவர்கள் எல்லாரும் ஜப்பான்காரனோடு சண்டை போட்டவர்கள் என்று நினைத்துவிடாதே. அந்தச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இப்போது நூறு வயது ஒட்டியிருக்கும். உன் கப்பலில் பெரும்பாலும் 1948 முதல் 1960 வரை மலாயா காடுகளில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடி அலைந்தவர்கள்தான் இருப்பார்கள். கட்டாய ராணுவச் சேவை என்று பதினெட்டு, பத்தொன்பது வயதில் பிடித்து அனுப்பப்பட்ட பையன்கள். ஊர் திரும்பியபோது யாரும் அவர்களுக்கு ஊர்வலம் எடுக்கவில்லை. 'எந்த வருஷம், எந்தப் படைப்பிரிவு' என்று கேட்டுவிட்டுப் பேச்சை அவர்களிடமே விட்டுவிடு. 'எத்தனை பேரைச் சுட்டீர்கள்' என்று மட்டும் யாரையும் கேட்க விடாதே. உன்னோடு வேலை செய்யும் சின்னப் பையன்களுக்கும் சொல்லி வை.

போன மாதம் நம் கண்ணங்குறிச்சி மிலிட்டரிக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்து ஏற்காடு போனோம். பகோடா பாயிண்டில் இறங்கி நின்றபோது சண்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. போட்டோ எடுத்தார்கள், மிளகாய் பஜ்ஜி தின்றார்கள், பென்ஷன் கணக்குப் பேசினார்கள். இறங்கும்போது, பாதி கொண்டை ஊசி வளைவு தாண்டியபின், எப்போதும் பேசாத ஒரு சுபேதார் தானாக ஆரம்பித்தார். 1971 டிசம்பரில் பாகிஸ்தான் சண்டையில் பசந்தர் ஆற்றோரம் கண்ணிவெடி எடுத்தபோது தன் பக்கத்தில் ஊர்ந்து வந்த பையனைப் பற்றி. அடிவாரம் வரும்வரை நிறுத்தவே இல்லை. நானும் அங்கே இருந்தவன்தான், ஆனால் அந்தப் பையன் கதையை அன்றைக்குத்தான் கேட்டேன். ஆகவே நினைவிடத்தில் யாரும் அழாமல் கல் மாதிரி நின்றால் ஆச்சரியப்படாதே. அவர்கள் பேசுவது ராத்திரி நீ மாத்திரை கொடுக்கப் போகும்போதுதான். அவசரப்பட்டு விளக்கை அணைத்துவிடாதே.

இன்னொன்று, வெயில். இங்கே ஒரு விழாவில் சிறப்பு விருந்தினருக்காக எங்களை மைதானத்தில் காக்க வைத்து இரண்டு பேர் சரிந்து விழுந்தார்கள். மெடல் குத்திய கோட்டைக் கழற்றச் சொன்னால் எந்தச் சிப்பாயும் கேட்க மாட்டான். நீ நாற்காலியையும் தண்ணீரையும் முன்கூட்டியே போட்டுவிடு.

சிங்கப்பூரில் கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவார்கள். சுவர்களில் சண்டையில் செத்த 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். அங்கேயே ஒரு தனி நினைவுச்சின்னம், எரியூட்டப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்கு. பெரும்பாலும் நம் நாட்டுச் சிப்பாய்கள். கூட்டம் அந்தப் பக்கம் போகாவிட்டாலும் நீ போய் நில். எஸ்பிளனேடு என்ற இடத்தில் ஐ.என்.ஏ. நினைவிடமும் இருக்கிறது, அதுதான் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டியதை, திரும்பி வந்த பிரிட்டிஷார் இரண்டே மாதத்தில் இடித்தார்கள். இப்போது இருப்பது 1995-ல் வைத்த அடையாளம். ஜப்பானோடு சேர்ந்து சண்டை போட்ட ஐ.என்.ஏ.காரர்கள் உன் கப்பல் கிழவர்களில் சிலருக்குத் துரோகிகள். வாக்குவாதம் வேண்டாம், தலை குனியவும் வேண்டாம்.

பினாங்கில் ஃபோர்ட் கார்ன்வாலிஸ் பார்ப்பாய். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேற்றிக் கிளம்பிவிட்டார்கள். ஊர் ஜனங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் சரவணமுத்து என்ற தமிழர், அங்கே பத்திரிகை ஆசிரியர். ஊரில் படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பானியருக்குச் செய்தியும் போனது. வழிகாட்டி சொல்லாவிட்டால் நீ சொல்.

கடைசியில் தாய்லாந்தில் காஞ்சனபுரி. இதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். உன் ஆயாவின் அண்ணன், எனக்குத் தாய்மாமன், ஓமலூர் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு போய் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறினார். சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று எத்தனையோ பேர் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போன காலம். சண்டை வந்ததும் மணியார்டர் நின்றது. பிற்பாடு ஊர் திரும்பிய ஒருவர், சயாமில், அதாவது இப்போதைய தாய்லாந்தில், ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துப் போனான் என்று மட்டும் சொன்னாராம். பர்மாவுக்குப் போகும் அந்த 415 கிலோமீட்டர் பாதையை 1942-ல் இரு முனையிலும் தொடங்கி ஏறக்குறைய ஒரே வருஷத்தில் முடித்தார்கள். செத்த போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் தொண்ணூறாயிரம் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் தமிழர்கள் ஏராளம். கைதிகளுக்குக் கூடவே அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள், யார் எங்கே செத்தான் என்று ஒளித்தாவது எழுதி வைத்தார்கள். அதனால்தான் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கு எழுதி வைக்க யார் இருந்தார்கள்? 1943 மழையில் காலரா வந்தபோது குழியில் தள்ளி மூடினார்கள்.

அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புத்த கோயில் உண்டு. தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கம் செய்த தூபி அங்கே இருக்கிறது. மாமன் பெயரைத் தேடாதே, இருக்காது. பேருந்து கிளம்பும் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள். கூட வருகிற கிழவர் யாராவது விரும்பினால் அவரையும் அழைத்துப் போ. சிப்பாய்க்கு இதெல்லாம் புரியும்.

கப்பலில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி அனுமதிப்பார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உடனே பதில் போடு, மிளகாய் காய வைத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா